வெறும் தண்ணீரைச் சோதித்தவர்

என் கணவர் எம்.எஸ்சி. வேதியியல் படித்த கல்லூரி ஆண்டுதோறும் ஒரு விளம்பரத்தாள் அச்சிடும். இந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு மருந்து, சாயம், சிமெண்ட், சோப்பு, உரம், தடயவியல் என எல்லாத் துறைகளும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பதாக அதில் இருக்கும். இவர் அதை நம்பித்தான் சேர்ந்தார். அந்தத் தாளைப் பொய் என்று சொல்ல முடியாது. வகுப்புத் தோழர் ஒருவர் சாயக் கம்பெனிக்குப் போனார். வெள்ளையிலேயே பத்து விதமான வெள்ளையைப் பிரித்தறியும் கண் அவருக்கு வாய்த்தது. சொந்த வீட்டுச் சுவருக்கு மட்டும் கடைசிவரை ஒரு நிறமும் பிடிபடவில்லை. தடயவியல் ஆய்வகத்துக்குப் போன தோழி, விருந்துக்குக் கூப்பிட்டால் வருவார். ஆனால் வீட்டுக்காரர்கள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் தட்டில் கை வைப்பார். ஒருவர் வெளிநாட்டுக்கு ஆராய்ச்சி செய்யப் போய், அது முடிந்ததும் இன்னொன்று, அது முடிந்ததும் மற்றொன்று என்று தலை முழுக்க வழுக்கையான பிறகும் 'இளம் ஆய்வாளர்' பதவியிலேயே இருந்தார். இரண்டு பேர் இன்சூரன்ஸ் பாலிசி விற்றார்கள். வகுப்பிலேயே கெட்டிக்காரர் படித்த இடத்திலேயே பேராசிரியராகி, அந்த விளம்பரத்தாளை எழுதும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

இவர் மருந்துக் கம்பெனிக்குப் போனார். தரப் பரிசோதனை ஆய்வகம். தயாரான மருந்தில் இருக்க வேண்டியது இருக்கிறதா, இருக்கக் கூடாதது இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. சொந்தக்காரர்கள் இதைத் தங்களுக்கு வசதியாகப் புரிந்துகொண்டார்கள். இவருடைய பெரியம்மா ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை அட்டையோடு வருவார்.

"இது எதுக்குன்னு பாத்துச் சொல்லுடா."

"பெரியம்மா, இதுல மருந்து சரியா இருக்கான்னு சொல்லுவேன். அது உங்களுக்கு வேணுமா வேணாமான்னு டாக்டர்தான் சொல்லணும்."

"அப்ப என்னத்துக்குடா அவ்வளவு வருஷம் படிச்ச? மருந்துக்கடைப் பையன் கேட்ட உடனே சொல்றான்."

இவர் அதற்குச் சிரிப்பதோடு சரி. பெரியம்மா மருந்துக்கடையில் கேட்டதைத்தான் கடைசிவரை சாப்பிட்டார். இவரைவிடப் பல ஆண்டுகள் அதிகமாகவே வாழ்ந்தார்.

கம்பெனியில் இவரை 'பிளாங்க்' என்பார்கள். கல்லூரித் தோழர்கள் 'டியூப்' என்பார்கள். இரண்டு பெயரும் ஒரே சம்பவத்தில் பிறந்தவை.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். இவர் மாதக்கணக்கில் எதையோ கொதிக்கவைத்து, வடிகட்டி, குளிரவைத்து, கடைசியில் ஒரு சிட்டிகைப் பொருளைப் பிரித்தெடுத்தார். கருவியில் வைத்துப் பார்த்தால், அதுவரை எந்தப் புத்தகத்திலும் இவர் பார்த்திராத ஒரு பொருள் அதில் இருந்தது. வழிகாட்டிய பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் பொருளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று துறையே யோசித்தது. இவர் என் மாமனாருக்கு ஊருக்குத் தொலைபேசி போட்டு, "அப்பா, உலகத்துல யாரும் பாக்காத ஒண்ண நான் பாத்துட்டேன்" என்றாராம். மாமனார் பதறிப்போய், "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாராம்.

வாய்மொழித் தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிளாங்க் ஓட்டினீங்களா தம்பி?"

ஓட்டவில்லை. அன்றைக்கே ஓட்டினார்கள். அதே புதுப் பொருள், எதுவுமே போடாத பாத்திரத்திலிருந்தும் வந்தது. கரைப்பானை ஊற்றப் பயன்படுத்திய பிளாஸ்டிக் டியூபிலிருந்து, அதை மென்மையாக்கி வளையவைக்கச் சேர்க்கும் பொருள் கசிந்து வந்திருந்தது. உலகத்தில் எல்லா டியூபிலும் இருப்பதுதான். வழிகாட்டிப் பேராசிரியர் அனுபவசாலி. ஆய்வை அப்படியே வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் மாற்றினார்: 'பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து கரைப்பான்களில் கசியும் பொருட்கள்.' இவர் முதல் வகுப்பில் தேறினார்.

வேதியியல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானே வரலாறு படித்தவள், வாழ்க்கைப்பட்டுத் தெரிந்துகொண்டதுதான். பிளாங்க் என்பது, சோதிக்க வேண்டிய பொருளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சோதிப்பது. அதே பாத்திரம், அதே தண்ணீர், அதே கருவி. அதில் என்ன தெரிகிறதோ அது பாத்திரத்தின் குற்றம், பொருளின் குற்றம் இல்லை. அதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது பொருள். தேர்வாளர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு இவர் வாழ்நாள் முழுக்க எதையும் பிளாங்க் ஓட்டாமல் விட்டதில்லை. ஆய்வகத்தில் மட்டுமில்லை. வீட்டில் தேநீர் போடுவதற்கு முன் வெறும் வெந்நீரை ஒரு மடக்குக் குடித்துப் பார்ப்பார். புதுச் செருப்பு கடித்தால், பழைய செருப்பைப் போட்டு அதே தெருவில் ஒரு நடை நடந்து வந்த பிறகுதான் புதுச் செருப்பைத் திட்டுவார்.

எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது என் அப்பாவிடம் இவர் கேட்டது:

"பொண்ணு வீட்ல இல்லாத ஒரு நாள் நான் வந்துட்டுப் போகலாமா?"

"பொண்ணு இல்லாதப்ப வந்து எதைத் தம்பி பாப்பீங்க?"

"வீட்டப் பாப்பேன் மாமா. அப்புறம் அவங்க இருக்கும்போது வருவேன். அப்பத்தான் எது வீட்டால, எது அவங்களாலன்னு தெரியும்."

அப்பா என்னைத் தனியே அழைத்து, ஆள் படித்தவன்தான், ஆனால் கொஞ்சம் ஒரு மாதிரி என்றார். என் அண்ணன், "இவளுக்கு ஒரு மாதிரி ஆளுதான் சரிப்படும்" என்றான். இவர் ஒருநாள் நான் இல்லாத நேரத்தில் வந்து, அப்பாவோடும் அண்ணனோடும் உட்கார்ந்து, பிஸ்கெட் சாப்பிட்டுவிட்டுப் போனார். முடிவு என்ன என்று கல்யாணமாகி வெகுநாள் கழித்துக் கேட்டேன்.

"உங்க வீட்ல யாரும் சிரிக்கல. அடுத்த தடவை வந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க. கழிச்சுப் பாத்தா மிச்சம் நீ."

இவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அதையும் கணக்காகச் சொன்னார்.

நான் சொல்ல வந்தது குழந்தைகளுக்கான இருமல் சிரப் விஷயம். அப்போது ஆய்வகத் தலைவர் ஓய்வு பெறவிருந்தார். அந்த நாற்காலி இவருக்குத்தான் என்று ஆலை மேலாளர் வாயாலேயே சொல்லியிருந்தார். இவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அறையில் ஜன்னல் இருப்பதாக வீட்டில் மூன்று தடவை சொல்லிவிட்டார். இவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஜன்னல் கிடையாது.

ஒரு சனிக்கிழமை சிரப் பேட்ச் ஒன்று சோதனைக்கு வந்தது. கருவி ஒரு கோடு வரையும். திரவத்தில் உள்ள பொருள் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கோட்டில் ஒரு மேடு எழும்பும். சிரப்பில் இருக்க வேண்டிய மேடுகள் எல்லாம் இருந்தன. அதோடு, இருக்கக் கூடாத ஒரு குட்டி மேடும் இருந்தது. இவர் பதறவில்லை. பிளாங்க் ஓட்டினார். சிரப் போடாத வெறும் தண்ணீரிலும் அதே இடத்தில் அதே மேடு. ஆக, குற்றம் சிரப்புடையது இல்லை, கருவியிலோ கண்ணாடியிலோ ஏதோ அழுக்கு. கழித்தார். சரி என்று கையெழுத்துப் போட்டார். பெட்டிகளில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். லாரி மறுநாள் மாலை வருவதாக ஏற்பாடு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மருந்து போட்டிருந்தார்கள். காலைத் தேநீரை வாயில் வைக்க முடியவில்லை. இவர் வழக்கம்போல் வெந்நீரைக் குடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"தண்ணியும் இப்படித்தான் இருக்கு. அப்ப டீத்தூள் மேல தப்பு இல்ல."

"தூள் மேல தப்பு இல்லன்னா டீ நல்லாயிடுமா?" என்றேன். "அந்தத் தண்ணியத்தானேங்க நாம குடிக்கிறோம்."

குத்தலாகத்தான் சொன்னேன். இவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சட்டையைத் தேடினார்.

"என்னங்க ஆச்சு?"

"சிரப்புல முக்கால்வாசி தண்ணி. நான் பிளாங்குக்கு எடுத்ததும் அதே தண்ணி. ரெண்டும் ஆலையில ஒரே குழாயில வர்ற தண்ணி." சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே சொன்னார். "தப்பு தண்ணியில இருந்தா ரெண்டுலயும்தானே தெரியும். நான் அதைப் போய்க் கழிச்சிருக்கேன்."

ஒரு சாதாரண மனிதன் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. இரண்டிலும் அழுக்கு இருந்தால் இரண்டும் அழுக்கு என்றுதான் சொல்லியிருப்பான். அழுக்கிலிருந்து அழுக்கைக் கழித்துச் சுத்தம் என்று சொல்வதற்கு முதுகலைப் படிப்பு வேண்டும்.

ஸ்கூட்டரில் நானும் ஏறிக்கொண்டேன். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிய ஆளைத் தனியே விட மனம் வரவில்லை. கிடங்கில் பொறுப்பாளர் மட்டும் இருந்தார். பெட்டிகள் வாசல் ஓரமாகத் தயாராக அடுக்கியிருந்தன.

"இந்த பேட்ச் போகக் கூடாது" என்றார் இவர்.

"பச்சை ஒட்டியிருக்கே சார். யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"உங்க கையெழுத்த நீங்களே நம்பலன்னா நாங்க எப்படி சார் நம்புறது?"

இவர் ஆய்வகத்துக்குப் போய், நிறுத்திவைப்பதற்கான மஞ்சள் ஸ்டிக்கர் சுருளைக் கொண்டுவந்தார். பச்சையின் மேல் மஞ்சளை ஒட்ட ஆரம்பித்தார். நானும் ஒட்டினேன். பொறுப்பாளர் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "அக்கா, கோணலா ஒட்டாதீங்க, ஆடிட்ல கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு மேலாளருக்குத் தொலைபேசி செய்யப் போனார். சிறிது நேரத்தில் ரிசீவரை இவரிடம் நீட்டினார். மேலாளர் பேசியது எனக்கே கேட்டது.

"என்ன பிளாங்க், லீவு நாள்ல புரட்சியா?"

"சார், நான் தப்பா கையெழுத்துப் போட்டுட்டேன். தண்ணியில ஏதோ இருக்கு."

"நேத்து இல்லாதது இன்னிக்கு எப்படி வந்துச்சு?"

"நேத்தும் இருந்துச்சு சார். நான் கழிச்சுட்டேன்."

இப்படி ஒரு விளக்கத்தை எந்த மேலாளரும் கேட்டிருக்க மாட்டார்.

"லாரி சாயங்காலம் வரும். அதுக்குள்ள நிரூபிச்சா நிறுத்துறேன். இல்லன்னா போகும். நாளைக்கு அந்த நாற்காலியப் பத்தி நீங்க பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்."

நிரூபிக்க ஒரே வழி, வெளியிலிருந்து சுத்தமான தண்ணீர் வேண்டும். ஆலைக் குழாய் தொடாத, காய்ச்சி வடித்த தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை அது எங்கே கிடைக்கும்? இவர் படித்த கல்லூரிக்குப் போனோம். விளம்பரத்தாள் எழுதும் பேராசிரியர் வளாகத்திலேயே குடியிருந்தார். கதவைத் திறந்ததும் என்னைக் கவனிக்காமல் இவரைப் பார்த்துச் சொன்னார்:

"டேய் டியூப். ஞாயித்துக்கெழம பணம் கேட்டு வந்தவங்கள பாத்திருக்கேன். தண்ணி கேட்டு வந்தவன் நீதான்டா."

"கண்ணாடி பாட்டில்ல குடு. பிளாஸ்டிக் வேணாம்."

பேராசிரியர் சிரித்தார். ஆனால் கண்ணாடி பாட்டிலில்தான் கொடுத்தார். வழி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இவர் திரும்பிப் பார்த்தார். "ரோட்டப் பாருங்க, நான் பாட்டிலப் பாத்துக்கறேன்" என்றேன்.

ஆய்வகத்தில் ஒரு முக்காலியில் என்னை உட்காரவைத்தார். கல்லூரித் தண்ணீரால் கண்ணாடியைக் கழுவினார், திரும்பக் கழுவினார், பிறகு அதே தண்ணீரைக் கருவியில் ஓட்டினார். திரையில் கோடு ஊர்ந்தது. அந்த மேடு வர வேண்டிய இடம் நெருங்கியபோது இவர் திரைக்கு அருகே குனிந்தார். மேடு எழவில்லை. கோடு ஒரு அசைவும் இல்லாமல் நேராகப் போனது. இவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, நேர்கோடு என்றால் நல்லது என்று அன்று தெரிந்துகொண்டேன். பிற்பாடு ஒரு மருத்துவமனை அறையில் அதே போன்ற கோடு வந்தபோது, எனக்கு ஒரு கணம் அந்தப் பழைய பாடம்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்து ஆலைத் தண்ணீரை ஓட்டினார். குட்டி மேடு வந்து நின்றது. இவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவன எனக்குத் தெரியும்" என்றார். தண்ணீர்க் குழாய் போகும் வழியைத் தேடிக்கொண்டு போனார். பராமரிப்புப் பிரிவினர் சுத்திகரிப்பு இயந்திரத்தை ஒட்டி, பழுதான இரும்புக் குழாய்க்குப் பதில் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டியிருந்தார்கள். புத்தம் புதுசு. இளம் பச்சை. அதில் ஒரு துண்டை வெட்டிக் கல்லூரித் தண்ணீரில் ஊறவைத்து ஓட்டினார். அதே மேடு. எம்.எஸ்சி.யில் உலகத்தில் யாரும் பார்க்காததென்று இவர் கண்டுபிடித்த அதே பொருள். இருபது ஆண்டுகளாக இவரைத் தேடிக்கொண்டு வந்திருந்தது போல.

லாரி வந்தது, காலியாகத் திரும்பியது. மேலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். திங்கட்கிழமை டியூபைக் கழற்றினார்கள். அந்த பேட்ச் முழுவதையும் அழித்தார்கள்.

பிறகு விசாரணை. மருந்துக் கம்பெனியில் எது நடந்தாலும் மூல காரணம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். டியூபை மாட்டியது யார் என்று பார்த்தால், அவரை மாட்டச் சொன்னவர் தெரியவந்தார். அவருக்கு உத்தரவிட்டவர் மேலாளர் என்று தெரியவந்ததும் தேடலை நிறுத்திக்கொண்டார்கள். மூல காரணம்: 'பகுப்பாய்வாளர் பிளாங்க் சோதனையைத் தவறாகப் புரிந்துகொண்டது.' தீர்வு: 'பகுப்பாய்வாளருக்குப் பிளாங்க் சோதனையில் மறுபயிற்சி.' பயிற்சி கொடுத்தது வேலைக்குச் சேர்ந்து ஓராண்டான பெண். அவள் திரையில் காட்டிய பாடம் இவரே பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது. அதிலிருந்த எழுத்துப் பிழைகள்கூட இவருடையவை.

"சார், ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றாளாம் அவள், நாக்கைக் கடித்துக்கொண்டு.

"ஒண்ணே ஒண்ணு. பிளாங்குக்குத் தண்ணி எங்கேருந்து எடுக்கணும்னு இதுல எழுதல."

"எழுதினது நீங்கதானே சார்."

"அதான் கேக்கறேன்."

தேர்வும் வைத்தார்கள். இவர் தேறினார். ஜன்னல் உள்ள அறை, அந்த வாரம் விடுப்பில் இருந்ததால் எதிலும் மாட்டாத ஒருவருக்குப் போனது. இவர் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்ன விதம், சாயங்காலம் மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல் இருந்தது. நான்தான் அன்று பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

"ஒரு டியூப் உங்களுக்குப் பட்டம் வாங்கிக் குடுத்துச்சு, ஒரு டியூப் பதவிய வாங்கிட்டுப் போயிடுச்சு" என்றேன்.

"ரெண்டும் ஒரே டியூப்தான்" என்றார். "கழிச்சா பூஜ்யம்."

ஜன்னல் இல்லாத அந்த இடத்திலிருந்தே ஓய்வு பெற்றார். நடுவில் ஒருமுறை பேராசிரியர் இவரைக் கல்லூரிக்கு அழைத்து, வேதியியலில் வேலைவாய்ப்புகள் என்று மாணவர்களிடம் பேசச் சொன்னார். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க வேலைக்குப் போனா சீக்கிரம் மேல வரலாம்?" என்று கேட்டான். இவர் யோசித்துவிட்டு, "தப்பு பண்ணினா திரும்பிப் போய்ச் சொல்றதுக்கு ஸ்கூட்டர்ல எட்டற தூரத்துல வீடு இருக்கணும். மத்தபடி எங்க வேணா போங்க" என்றார். மாணவர்கள் கைதட்டவில்லை. பேராசிரியர் அடுத்த ஆண்டு வேறொருவரை அழைத்தார்.

இவர் போன அன்று பழைய மேலாளர் கைத்தடியோடு வந்திருந்தார். கூடியிருந்தவர்களிடம், "முப்பது வருஷத்துல ஒரு தப்புக்கூட பண்ணாத மனுஷன்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். கிடங்குப் பொறுப்பாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இவர் இருந்திருந்தால் எழுந்து திருத்தியிருப்பார். வாழ்க்கையில் இவர் பெருமைப்பட்ட தப்பு ஒன்றே ஒன்றுதான், அதையும் கழித்துவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. இதுவும் ஒரு பிளாங்க்தானே. அதே வீடு, அதே அடுப்பு, அதே நாற்காலி, இவர் மட்டும் இல்லை. இப்போது இருப்பதைக் குறித்துக்கொண்டு முன்பிருந்ததிலிருந்து கழித்தால், இவர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இவர் என்னைக் கணக்கிட்டது அப்படித்தான்.

கணக்கு வரவில்லை. அடுக்கில் உப்பு டப்பா மேல், ஆய்வகப் பழக்கத்தில் இவர் எழுதி ஒட்டிய தேதி இருக்கிறது. நேற்று புது உப்பை மாற்றிவிட்டு நானும் தேதி எழுதி ஒட்டினேன், கீழே கையெழுத்தும் போட்டேன். இன்று காலை தேநீர் போடும்போது எங்கள் மகள் வந்து நின்று, "ஏம்மா வெறும் தண்ணியக் குடிச்சுப் பாக்கற?" என்று கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இவர் இருந்த வீடு, இவர் இல்லாத வீடு, இரண்டிலும் இருப்பதைக் கழித்தால் ஒன்றும் இல்லை என்றுதான் விடை வரும். அது தப்பான விடை என்று எனக்குத் தெரியும்; அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஸ்கூட்டரில் இருந்தேன். இவர் கலக்காத தண்ணீர் வெளியிலிருந்து வேண்டும். பேராசிரியரைக் கேட்டால் கண்ணாடி பாட்டிலில் தருவார். அதைக் கொண்டுவந்து இந்த வீட்டுப் பாத்திரத்தில்தானே ஊற்ற வேண்டும்.